அடிச்ச கைக்குச் சோறு

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
18 ஆகஸ்ட் 2025

நாகு,

நீ அனுப்பிய மெசேஜ் எதையும் நான் பார்க்கவில்லை. என் போன் உன் அத்தானின் பீரோவில் இருக்கிறது, சாவி அவர் இடுப்பில். பிள்ளை மாரிசெல்விக்கு மத்தியானச் சோறு கொண்டுபோகிற சாக்கில், ஸ்கூல் வாசலில் வைத்து இதை அன்னாள் டீச்சரிடம் கொடுக்கப்போகிறேன். நீ இப்போது ராஜபாளையத்தில் அப்பா வீட்டில்தானே இருக்கிறாய், அவள் தினமும் அங்கிருந்துதான் பஸ்ஸில் வந்துபோகிறாள். பதில் எழுதினால் அவளிடமே கொடு. தபாலில் போட்டுவிடாதே.

நேராகவே கேட்கிறேன். அது எப்படி அந்தப் படத்துக்குள் போனது?

என் தங்கச்சி சென்னையில் சினிமாவுக்கு வசனம் எழுதுகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். படம் வந்ததும் அவரே டிக்கெட் எடுத்துவந்தார். "கொழுந்தியா எழுதுன படம்லா, எல்லாரும் வாங்க" என்று போலீஸ் ஸ்டேஷனில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேர் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டார். இடைவேளை வரைக்கும் சிரிப்பும் முறுக்குமாகப் போனது. அப்புறம் அந்தக் கதாநாயகி, புருஷன் அடித்துவிட்டு வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க அடிச்சது வலிக்கல. அடிச்ச கைக்கே சோறு போடுதேன் பாருங்க, அதுதான் வலிக்கு."

கொட்டகையே கைதட்டியது. பக்கத்து சீட்டு ஏட்டம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அவரும் தட்டிக்கொண்டிருந்தார், நாகு. திரையைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துத் தட்டினார்.

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம் என் அடுப்படியில் நான் சொன்ன சொல் அது. அப்போது கேட்டவர்கள் அவரும் மாரிசெல்வியும்தான். அப்புறம் அம்மாவின் திதிக்கு வந்தபோது, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து உன்னிடம் சொன்னேன். வேறு யாருக்கும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குப் பழக்கம்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ஏட்டி, நம்ம அடுப்படி எப்பம்ட்டி சினிமாக் கொட்டகையாச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "வசனத்தைச் சொல்லு" என்கிறார். சொல்லிவிட்டுத்தான் பரிமாற வேண்டும். "அந்தப் பிள்ள உருகிச் சொன்னால்லா? நீ என்ன ரேஷன் கடையில சீனி கேக்க மாதிரி சொல்லுத? திருப்பிச் சொல்லு." மூன்று வேளையும் இதுதான். மாரிசெல்வி தன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறாள்.

கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் எனக்கென்று நான் பேசினது அந்த ஒன்றுதான். இப்போது அது என் வாய்க்குள் வந்தாலே குமட்டுகிறது.

பதில் எழுது.

யுவராணி


ராஜபாளையம்
20 ஆகஸ்ட் 2025

அக்கா,

டீச்சர் கடிதத்தைக் கொடுத்ததும் மொட்டை மாடிக்குப் போய்த்தான் படித்தேன். அப்பா கீழே இருந்தார்.

திருடினேன். வேறு என்ன சொல்ல? ஆனால் எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வசனம் எழுதுகிற அறையில் நாலு ஆண்கள், நான் ஒருத்தி. கதாநாயகிக்கு அவர்கள் எழுதி வைத்திருந்ததெல்லாம் 'என்னங்க', 'ஐயோ', 'உங்களை விட்டா எனக்கு யாரு' இவ்வளவுதான். இந்த இடத்தில் அவள் என்ன சொல்வாள் என்று டைரக்டர் கேட்டார். அழட்டும் சார், மியூசிக் பார்த்துக்கொள்ளும் என்றான் ஒருவன். சாபம் விடட்டும் என்றான் இன்னொருவன். எனக்குக் கோபம் வந்தது, அக்கா. இவர்கள் யாரும் அடி வாங்கின பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை என்று தோன்றியது. வாய் தானாகத் திறந்துவிட்டது. சொல்லி முடித்ததும் டைரக்டர் எழுந்து நின்றார். சேர்ந்த நாளிலிருந்து அந்த அறையில் எனக்குக் கேட்காமல் டீ வந்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோஷத்தில் நீ எந்த வீட்டில் இருக்கிறாய் என்பதை மறந்தேன். அத்தான் சினிமாவே பார்க்கிறவர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல விடு. படம் வந்ததிலிருந்து பெண்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். 'என் வாழ்க்கையில் ஒருத்தரும் சொல்லாததை இந்தப் பொண்ணு சொல்லிட்டா' என்று ஒருத்தி. அதைக் கேட்ட ராத்திரியே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்று இன்னொருத்தி. அதெல்லாம் உன் வார்த்தை செய்தது.

நீயும் கிளம்பிவிடு, அக்கா. பதினோரு கிலோமீட்டர்தான். மாரிசெல்வியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு. அப்பா முணுமுணுப்பார், நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் நாகு


மடவார் வளாகம்
28 ஆகஸ்ட் 2025

நாகு,

எவளோ ஒருத்தி கிளம்பிவிட்டாளாம். அவள் புருஷன் போலீஸா என்று கேட்டாயா?

போன வருஷம் மகளிர் ஸ்டேஷனுக்கு நான் போனது உனக்குத் தெரியாது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். என் முன்னாலேயே போனை எடுத்து, "அண்ணே, மதினி இங்க வந்திருக்காவ, செத்த வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். அவர் பைக்கில் வந்தார். வழியில் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குள் போனதும் கதவைச் சாத்தினார்.

நான் ராஜபாளையம் வந்தால் அவர் எங்கே தேடுவார்? அப்பா வீட்டுக்குத்தானே முதலில் வருவார். "கட்டிக் கொடுத்த பிள்ளைய நான் எப்படிய்யா மறிச்சு வைப்பேன்" என்று அப்பாவே பையைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிடுவார். ஒரு தடவை செய்தவர்தானே.

இன்னொன்றும் எழுதுகிறேன், இதை நீ ஒருபோதும் கேட்கவில்லை. படத்தில் அவள் அதைச் சொல்லிவிட்டுச் சோற்றைக் கவிழ்த்துக் கொட்டுகிறாள். கதவைத் திறந்து வெளியே போகிறாள், பாட்டு வருகிறது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? சோறு போட்டேன். ரசம் ஊற்றினேன். உப்பு குறைவு என்றார், உப்பு எடுத்துவைத்தேன். அவர் சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். நீ என் சொல்லை எடுத்துக்கொண்டு ரசத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

இப்போது ஊரெல்லாம் அது விளையாட்டாகிவிட்டது. பையன்கள் பரோட்டாக் கடையில், "அடிச்ச கைக்கே சால்னா ஊத்துதேன் பாருங்க" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். ஷேர் ஆட்டோ ஒன்றின் முதுகில் முழு வசனத்தையும் எழுதியிருக்கிறார்கள். அது எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது.

மாரிசெல்வி வகுப்பில் பிள்ளைகள் நடித்துக் காட்டுகிறார்களாம். எல்லோரும் சிரிக்கும்போது இவளும் சேர்ந்து சிரித்தாளாம். நேற்றுத் தலை பின்னும்போது சொன்னாள். சொல்லிவிட்டு, "அந்தப் பொண்ணு வெளிய போயிருச்சுல்லம்மா. நீ ஏன் போகல?" என்று கேட்டாள். நான் சீப்பை வேகமாக இழுத்துவிட்டேன். "வலிக்கும்மா" என்றாள்.

படத்திலிருந்து அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா, நாகு? அப்படி எடுப்பார்களாமே. அங்கே உனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார். கேட்க எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வேளையும் என்னால் முடியவில்லை.

யுவராணி


ராஜபாளையம்
6 செப்டம்பர் 2025

அக்கா,

வெட்ட முடியாதாம். டைரக்டரிடமே கேட்டேன். "அதுக்குத்தானேம்மா ஜனம் வருது" என்றார்.

அதனால் நான் வேறொன்று செய்திருக்கிறேன். கோபப்படாமல் படி. இங்கே ஒரு காலேஜில் பேசக் கூப்பிட்டார்கள். யூடியூப்காரர்கள் வந்திருந்தார்கள். அந்த வசனம் எப்படித் தோன்றியது என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். 'அது எனக்குத் தோன்றவில்லை, என் அக்கா தன் அடுப்படியில் சொன்னது' என்று சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை. அக்கா என்று மட்டும்தான் சொன்னேன். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. எனக்கு இல்லை, உனக்கு.

யோசித்துத்தான் செய்தேன். இதுவரைக்கும் நீ நாலு சுவருக்குள் தனியாக இருந்தாய். இனி ஊரே பார்க்கிறது. போலீஸ்காரருக்கு வேலை போய்விடும் என்கிற பயம் இருக்காதா? இனி உன் மேல் கை வைக்க யோசிப்பார். நிச்சயம் யோசிப்பார்.

மாரிசெல்விக்கு முத்தம்.

நாகு


மடவார் வளாகம்
16 செப்டம்பர் 2025

நாகு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் கட்டு.

அவர் யோசித்தார். நீ சொன்ன மாதிரியே நன்றாக யோசித்தார்.

உனக்கு ஒரே அக்காதான் என்று கண்டுபிடிக்க ஊருக்கு எவ்வளவு நேரமாகும்? அவருக்கு மேலே இருக்கிறவர் கூப்பிட்டு, "என்னய்யா அழகுராஜா, நீதான் அந்தப் படத்து வில்லனா?" என்று கேட்டாராம். நாலு பேர் முன்னால் கேட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் கோபமே இல்லை. அடுப்படிக் கதவுப் பக்கம் வரச் சொன்னார். கையைக் கதவிடுக்கில் வைக்கச் சொன்னார். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து அவருடைய அண்ணன் வந்தார். புதுச் சேலை கட்டச் சொன்னார்கள். கட்டுப் போட்ட கையைத் தலைப்புக்குள் மறைத்து உட்கார வைத்தார்கள். போனைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சி பேருக்காகப் பொய் சொல்லுதா, என் வீட்டுக்காரவுக தங்கமானவுக" என்று சொல்லச் சொன்னார்கள். முதலில் சிரிப்பு வரவில்லை என்றார்கள். அப்புறம் கண்ணில் தண்ணீர் தெரிகிறது என்றார்கள். திரும்பத் திரும்பச் சொல்லிக் கடைசியில் சரியாக வந்தது. சினிமா எடுப்பது எம்புட்டுக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீ இந்நேரம் பார்த்திருப்பாய்.

இனி நான் ஸ்கூலுக்குச் சோறு கொண்டுபோகக்கூடாது என்றுவிட்டார். இந்தக் கடிதத்தை மாரிசெல்வி கொண்டுபோகிறாள். இன்னொரு தடவை அவளை இதற்கு அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் எழுதாதே.

நீ கெட்டவள் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் நீ எனக்கு நல்லது செய்யும் ஒவ்வொரு தடவையும் நான்தான் அடுப்படிக்குள் இருக்கிறேன்.

யுவராணி


ராஜபாளையம்
24 செப்டம்பர் 2025

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமையிலிருந்து காலாண்டு லீவு, அதற்குப் பிறகு டீச்சரும் வரமாட்டாள். இதுவாவது உன் கைக்கு வர வேண்டும். பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம், அந்தத் தெருவில் தெரிந்த வீட்டுக்குப் போகிற மாதிரி போய் நானே கொடுக்கிறேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள்.

அந்த வீடியோவைப் பார்த்தேன். கீழே ஜனங்கள் என்னைத் திட்டுகிறார்கள். பேருக்காகக் கூடப்பிறந்தவளை விற்றவள் என்று எழுதியிருக்கிறார்கள். பொய் வீடியோவுக்கு வந்த உண்மையான வசவு. எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன்.

போன வாரம் நான் உங்கள் தெருவுக்கு வந்தேன். வைத்தியநாத சுவாமி கோயில் பக்கம் நின்று உன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தானின் பைக் நின்றது. கதவு சாத்தியிருந்தது. தட்டியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை, அக்கா. பெண்கள் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறவள், பூக்காரம்மா 'யாரு வேணும்' என்று கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

அப்பா போனார். என்னிடம் சொல்லாமலே பஸ் ஏறிப் போய்விட்டார். நீதான் காப்பி கொடுத்தாயாமே. திரும்பி வந்து, "மாப்பிள்ள நல்லாத்தான் பேசுதாவ. கஞ்சி வடிக்கையில கையில கொட்டிருச்சாம்" என்றார். துண்டை உதறி மடித்து வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. பிறகு அவராகவே சொன்னார்.

"கஞ்சி கொட்டுனா வெந்துல்லா போகும். கட்டுக்கு வெளிய விரலு வீங்கியிருந்துச்சு, நாகு."

அப்புறம், "நான்தான அன்னைக்கு அவளை பஸ் ஏத்தி விட்டேன்" என்றார். அதிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் இனி உனக்காக எதையும் யோசிக்கப்போவதில்லை. நீ என்ன செய்யச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். ஒன்றும் செய்யாதே என்றால் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் டீச்சருக்குத் தெரிந்த ஒரு பெண்கள் விடுதி இருக்கிறதாம், வெளியூரில். நம் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லை. எந்த ஊர் என்று என்னிடம் சொல்ல வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாவிட்டால் என்னிடமிருந்து யாரும் வாங்க முடியாது.

உயிரோடு இரு. அதுமட்டும் போதும்.

நாகு


17 அக்டோபர் 2025

நாகு,

ஊர் எழுதவில்லை. இந்தக் கடிதம் அன்னாள் டீச்சர் வழியாகத்தான் வரும், கவரில் முத்திரை இருக்காது.

நாங்கள் வந்துவிட்டோம். இரண்டு பேரும்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். நான் கரண்டியை எடுத்தேன். "நீ வேண்டாம், உனக்கு வரல. பிள்ள சொல்லட்டும்" என்றார். மாரிசெல்வி வாசலுக்குப் போக எழுந்தவள் அப்படியே நின்றாள். "வாட்டி இங்க. உங்கம்ம கரண்டிய வாங்கு. நாளைக்கு நீயும் ஒருத்தனுக்குச் சோறு போடணும்லா, இப்பமே பழகு."

அவள் வாங்கினாள். சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. எத்தனை நாள் வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். என் குரல் மாதிரியே இருந்தது, நாகு, அந்த இழுப்புக்கூட. அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இவ தேறிட்டா" என்றார். அவர் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு. அந்த வீட்டில் நான் அதைத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் புரட்டாசிச் சனி. மலையடிவாரப் பெருமாள் கோயிலில் கூட்டம், அவருக்கு விடியும் முன்பே பந்தோபஸ்து. பிள்ளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. யூனிபாரத்தோடு கிளம்பினாள், நான் கூடவே கிளம்பினேன். புத்தகப் பையில் அவளுடைய சர்டிபிகேட்டும் இரண்டு சேலையும். கதவைப் பூட்டும்போது எதிர்வீட்டில் கேட்டார்கள். கோயிலுக்கு என்றேன். ஸ்கூல் வாசலில் டீச்சரிடம் அந்த விடுதிக்கு என்றேன், அவள் பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

படத்தில் அவள் தெருவில் நிமிர்ந்து நடப்பாளே, நான் அப்படி நடக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாகப் போனேன். பஸ் ஸ்டாண்டில் டிரைவர், கண்டக்டர், ஆட்டோக்காரர் எல்லோருக்கும் காக்கிச் சட்டைதான் என்பதை இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை. ஒவ்வொரு சட்டைக்கும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். டீச்சர்தான் என் முழங்கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள். பஸ் நகர்ந்த பிறகு மாரிசெல்வி வாந்தி எடுத்தாள். கண்டக்டர் திட்டினார்.

இங்கே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். கையைக் காட்டினேன். இரண்டு விரல் இனி மடங்காதாம், மிச்சம் சரியாகிவிடும் என்கிறார்கள். பிள்ளையை இங்கேயே ஸ்கூலில் சேர்க்கப் பார்க்கிறார்கள். வக்கீலம்மா ஒருத்தர் வந்து எல்லாவற்றையும் கேட்டுப்போனார். நடக்கும், ஆனால் நாளாகும் என்றார். அவருக்கும் பயம் இருப்பது முகத்தில் தெரிந்தது.

உன் அத்தான் இந்நேரம் நம் வீட்டுக்கு வந்திருப்பார். உன் முன்னால் அழுவார். நன்றாகவே அழுவார், நாகு. அப்பா இரங்கிவிடுவார். நீ இரங்கிவிடாதே. பிள்ளையை மட்டுமாவது அனுப்பச் சொல்லுங்கள் என்பார். அதற்கும் பதில் சொல்லாதே. அப்பாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். பஸ் ஏற்றிவிட்டதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை என்றும் சொல். அது உண்மையில்லை, ஆனாலும் சொல்.

உன்னை மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது நல்லது. என்னைப் பார்க்க வரவும் வேண்டாம், உன் பின்னாலேயே ஆள் வரும். எப்போது பார்ப்போம் என்று எனக்குத் தெரியாது.

நேற்றுப் படுக்கும்போது மாரிசெல்வி கேட்டாள், "அப்பா இங்க வந்துட்டா என்னம்மா செய்வோம்?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "தெரியலட்டி" என்றேன்.

அவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். திரும்பி வந்து, என்னைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டு, கதவுப் பக்கம் அவள் படுத்துக்கொண்டாள். பதிமூன்று வயசு.

அவள் தூங்கும்வரை காத்திருந்து, சத்தமில்லாமல் தாண்டி வந்து, கதவுப் பக்கம் நான் படுத்தேன்.

யுவராணி